தாயம் விழுந்தால் இறங்கலாம்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் எங்க வீட்டுக்காரர் பல்லாவரம் மலையைப் பிடித்தார். அடுத்த வாரமே சிட்லபாக்கம் ஏரிக்கரையில் மூன்று படைகளைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "கொஞ்சம் பொறு, தாம்பரம் போயிடும்போல இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியைக் கொண்டுபோய்த் தாம்பரத்தின் மேலேயே வைத்தேன். வீட்டில் இருந்தது ஒரே மேசை. அதிலே ஓர் அங்குலம் விடாமல் வரைபடத்தை விரித்துவைத்தால் வேறே எங்கே வைப்பதாம்?

போன மாதம் யாரோ ஒருவர் போன் பண்ணினார். இப்படிப் பலகையில் போர் ஆடுகிறவர்களுக்கு இப்போது சங்கமெல்லாம் இருக்கிறதாம். "தமிழ்ல இந்த மாதிரி விளையாட்டை முதல்ல உருவாக்கி, அச்சுப் போட்டு, வெளியிட்டவர் உங்க வீட்டுக்காரர்தாம்மா. பெரிய முன்னோடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே கிடையாது. இடது காலில் இரண்டு விரல் இல்லை. சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி கண்ணெதிரே கிளம்பினாலும் நிதானமாக நடந்துதான் வருவார். அடுத்த வண்டியில் போவார்.

அந்த இரண்டு விரல்களையும் பனிமலையில் விட்டுவிட்டு வந்தவர் அவர். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாளத்தில் இருந்தார். வடக்கே சண்டை நடந்தபோது மலைமேல் இருந்தாராம். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்து, நாலு நாள் பனியில் நடந்தே இறங்கினார்களாம். அதற்கப்புறம் பட்டாளத்தை விட்டுவிட்டுப் பட்டணத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்துவிட்டார். அந்த நாலு நாளைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் வாயைத் திறந்தார். அனகாபுத்தூர் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கூடவே நடந்தானாம். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் என்று இரண்டு பேருக்கும் அத்தனை ஒட்டுதலாம். இரண்டாம் நாள் காலையில் அவன் ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. "உசிர் போனதை நான் பார்த்தேன். விட்டுட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இதைச் சும்மா விட முடியவில்லை. எங்கள் தெருவுக்கு லுங்கி, துண்டு விற்க அனகாபுத்தூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பற்றி அவரிடம் மெல்ல விசாரித்தேன். "அந்த ஆயாவாம்மா? இன்னும் உசுரோட கீதும்மா" என்றார் அவர். "புள்ளயக் காணோம்னு சர்க்கார்லேர்ந்து காயிதம் வந்துச்சு. செத்துட்டான்னு ஒருத்தரும் நேர்ல வந்து சொல்லல. காக்கி போட்டவன் எவன் பஸ்ஸ வுட்டு எறங்கினாலும் ஓடிப் போயி, எம் புள்ளயப் பாத்தியான்னு கேட்டுகினு நிக்கும். பேஜார்மா, பாக்கவே முடியாது."

அன்று சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். "ம்" என்றார். காபியைக் குடித்துவிட்டு மேசைக்குப் போய்ப் பென்சிலைச் சீவினார். பல்லாவரத்தில் பஸ் மாறினால் ஒரு மணி நேரத்துப் பயணம். போய், "அம்மா, உங்க பிள்ளை இல்லை, நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை அவர் செய்யவில்லை. அந்த வாரமும் இல்லை, அந்த வருஷமும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தப் பென்சிலைச் சீவி அவர் வரைந்ததுதான் இந்த விளையாட்டு. அறுபதுகளின் கடைசி அது. வடக்குப் படை அடையாற்றைத் தாண்டி அனகாபுத்தூர் வழியாக இறங்கும். தெற்குப் படை தாம்பரத்தைக் காப்பாற்ற வேண்டும். நடுவில் பல்லாவரம் மலை, குரோம்பேட்டை ரயில் பாதை, எங்கள் ஏரி. ஏரியைக் கோடையில் நடந்து கடக்கலாம், மழைக்காலத்தில் சுற்றித்தான் போக வேண்டும். "உலகத்துல எத்தனையோ ஊர் இருக்கு, நம்ம ஊரைப் போட்டு ஏன் இப்படி அடிச்சு நொறுக்கறீங்க?" என்று கேட்டேன். "தெரிஞ்ச ஊரா இருந்தாத்தான் ஒருத்தன் யோசிச்சுக் காயை நகர்த்துவான்" என்றார்.

கட்டங்கள் சதுரமாக இருக்காது, ஆறு மூலை வைத்திருக்கும். அறுபது டிகிரி மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து அதைக் கோடு போடுவார். சதுரக் கட்டத்தில் குறுக்கே போகிறவன் ஏமாற்றிவிடுகிறானாம், ஆறு மூலையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரமாம். அடுத்த வீட்டு டீச்சர் அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தேன்கூடா?" என்று கேட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து தாம்பரத்தைக் கொளுத்துவார். "ஸ்தோத்திரம்" என்று சொல்லித்தான் பகடையை உருட்டுவார். இரக்கமே கிடையாது அந்த அம்மாவுக்கு. விளையாட்டில் இருந்த ஓட்டையையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர்தான்.

ஆபீசில் கூட வேலை பார்த்த கோவிலம்பாக்கத்துக்காரர் ஒருவர் மட்டும் சண்டைக்கே வந்துவிட்டார். வரைபடத்தில் அவர் ஊர்ப் பக்கம் முழுக்கச் சேறு, படை நுழைந்தால் ஒரு முறை நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது. "என்ன சார் இது, எம் பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கேன். எங்க ஊரைச் சேறுன்னு அச்சுல போட்டா எவன் சார் வருவான்?" என்று வீடு தேடி வந்து கேட்டார். இவர் அரை மணி நேரம் யோசித்துவிட்டு, சேற்றை அழித்துத் தென்னந்தோப்பு என்று எழுதினார். தோப்பிலும் ஒரு முறை நிற்க வேண்டும் என்று விதியை மாற்றிக்கொண்டார். வந்தவருக்கு அது தெரியாது, மகிழ்ந்துபோய் இரண்டு காபி குடித்துவிட்டுப் போனார்.

அச்சுப் போட்டது தனிக் கூத்து. காலண்டர் அடிக்கிற ஓர் அச்சகத்தில் போன வருஷத்துக் காலண்டர் தாள் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடந்தது. நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. மலிவாகக் கிடைத்ததே என்று இவர் வரைபடத்தை அந்தப் பின்பக்கத்திலேயே அடித்துக் கொண்டுவந்துவிட்டார். திருப்பிப் பார்த்தால் தாமரையில் மகாலட்சுமி. "என்னங்க, மகாலட்சுமியைத் தரையில கவுத்துப் போட்டு, மேல உட்கார்ந்து சண்டை போடச் சொல்றீங்களா?" என்றேன். "யார் திருப்பிப் பார்க்கப் போறா?" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நமக்குத் தெரியாதா, நம்ம ஜனங்களுக்கு எதை வாங்கினாலும் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: படத்தைக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிட்டோம், போர் பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, வேறு தாள் அனுப்ப முடியுமா?

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பெரிய தப்பு ஒன்று அவரே செய்தார். சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்க ஏதாவது உருட்ட வேண்டுமே. ஆறு முகப் பகடை அத்தனை பெட்டிக்கும் வாங்கிப் போடக் கட்டுப்படியாகவில்லை. "எல்லார் வீட்டுலயும் தாயக்கட்டை இருக்கு. அதையே உருட்டட்டும்" என்று முடிவு பண்ணி, தாயக்கட்டையில் விழுகிற எண்ணுக்குத் தகுந்தபடி பட்டியல் போட்டுவிட்டார். ஆட்டத்தில் இருக்கிற காய் சண்டையில் தோற்றால் அதற்கு அவர் எழுதிய வார்த்தை: வெட்டுப்பட்டது. ஒன்பதாவது விதி அது. "வெட்டுப்பட்ட காய் ஆட்டத்தை விட்டு நீங்கும்."

தாயக்கட்டையைக் கையில் கொடுத்து, வெட்டு என்கிற வார்த்தையையும் சொல்லிவிட்டு, தாயம் ஆடாதே என்றால் யார் கேட்பார்கள்? தாயத்தில் வெட்டுப்பட்ட காய் சாகிறதா என்ன? மனைக்குத் திரும்பிப் போகும், தாயம் விழுந்தால் மறுபடியும் இறங்கும். நம்ம ஊரில் பிறந்து தாயம் ஆடிய அத்தனை பேருக்கும் இது கையிலேயே ஊறிப்போனது. ஒன்பதாவது விதியை எவனும் படிக்கவில்லை, படித்தவனும் "நீங்கும், அப்புறம் தாயம் விழுந்தா வரும்" என்றுதான் எடுத்துக்கொண்டான். ஒரு வாரப் பத்திரிகையில் சின்னதாக விளம்பரம் போட்டு, தபாலில் பெட்டிகள் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் கார்டுகள் வர ஆரம்பித்தன. ஐயா, உங்கள் விளையாட்டு அருமை, ஆனால் முடியவே மாட்டேன் என்கிறது. ஐயா, தீபாவளிக்கு ஆரம்பித்தது, பொங்கல் வந்துவிட்டது, இன்னும் இரண்டு பக்கமும் முழுப் படையோடு நிற்கிறோம்.

மனுஷனுக்கு வந்ததே கோபம்! சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவர். "செத்தவன் எப்படிடி திரும்பி வருவான்? ஒருத்தனைக் கொண்டுபோய்ச் சாகக் குடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும். அதுக்குத்தானே இந்த ஆட்டம்? தாயம் போட்டா வருவான்னா அப்புறம் எவன் யோசிப்பான்?" என்று என்னிடம் கத்தினார், என்னவோ நான்தான் தாயம் போட்ட மாதிரி. மலையில் கல் உடைக்க வேட்டு வைக்கிறபோதெல்லாம் நான்தான் திடுக்கிட்டுக் கரண்டியைப் போடுவேன், அவர் பென்சில் அசையாது. அப்படிப்பட்டவர் அந்தக் கார்டுகளைப் படிக்கப் படிக்கப் பென்சில் முனையை ஒடித்துக்கொண்டிருந்தார்.

பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அவருக்குக் காலை ஏழே முக்காலுக்கு வண்டி, வீடு திரும்ப ஆறரை. என் கையெழுத்து குண்டு குண்டாக, யாருக்கும் புரியும்படி இருக்கும். என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: "வெட்டுப்பட்ட காய் திரும்ப வராது. போனது போனதுதான். விதி ஒன்பதைப் பார்க்கவும்." மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு, ஏரிப் பக்கக் காற்று வருகிற ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே எழுதிக் கீழே அவர் பெயரையும் நானே போட்டு அனுப்புவேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மத்தியானங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தூத்துக்குடி, சேலம், ஆம்பூர் என்று பார்க்காத ஊருக்கெல்லாம் என் எழுத்து போனது. டீச்சர் அக்கா லீவு நாளில் வந்தால் அவர் விலாசம் எழுதுவார், நான் விதி எழுதுவேன். வேர்க்கடலை வறுத்து வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கடலை வாசனை மூக்கில் வருகிறது.

கிழக்கே சண்டை நடந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கவர் வந்தது. கார்டு இல்லை, கவர். எழுதியிருந்தது ஒரு பெண். அவள் கணவன் பட்டாளத்தில் இருக்கிறான், எங்கே என்று தெரியவில்லை, கடுதாசி வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பொழுது போகாமல் அவளும் மாமனாரும் எங்கள் விளையாட்டை ஆடுகிறார்கள். "நாங்கள் விதியைச் சரியாகப் படித்துத்தான் ஆடுகிறோம். ஆனால் காய் வெட்டுப்பட்டால் மாமா அதைப் பெட்டியில் போட மாட்டேன் என்கிறார். கையிலேயே மூடி வைத்துக்கொள்கிறார். அப்புறம் ஆட மாட்டார், சாப்பிடவும் மாட்டார். அது திரும்பி வர ஏதாவது வழி இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாள்.

அவர் எழுதிக் கொடுத்த தாள் என் முன்னால்தான் இருந்தது. போனது போனதுதான். பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. ஒரு கிழவர் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் போய் விதி ஒன்பதைப் பார்க்கவும் என்று எழுதுவதா? அதற்கு நான் பெண்ணாகப் பிறந்திருக்கவே வேண்டாம். "தாயம் விழுந்தால் இறங்கலாம். அதுவரைக்கும் கையிலேயே வைத்திருக்கலாம், தப்பில்லை" என்று எழுதினேன். கீழே அவர் பெயரைப் போட்டேன். புடவையைக்கூட மாற்றாமல் நேரே போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வைத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

ஒன்று எழுதினால் கை சும்மா இருக்குமா? அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே எழுதினேன். ஆபீசர் தோரணையில் கேட்டவனுக்கு மட்டும் விதி ஒன்பது. கெஞ்சிக் கேட்டவர்களுக்குத் தாயம். இப்படி எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. டீச்சர் அக்காவுக்கு மட்டும் தெரியும். "கண்டுபிடிச்சா உன்னை வெட்டிடுவார்" என்றார். "தாயம் போட்டு வந்துக்கறேன்" என்றேன். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

கண்டுபிடித்துவிட்டார். தாம்பரத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில், சனிக்கிழமை மத்தியானம், எங்கள் விளையாட்டில் போட்டி நடத்துகிறோம், தலைமை தாங்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு, அத்தனை சந்தோஷமாகப் போனார். அங்கே எட்டு மேசையிலும் வெட்டுப்பட்ட காயெல்லாம் தாயம் விழ விழ எழுந்து வந்துகொண்டிருந்ததாம். இவர் எழுந்து, "நிறுத்துங்க, இது தப்பு" என்றிருக்கிறார். மன்றத்துச் செயலாளர் பணிவாக ஒரு கார்டை எடுத்து நீட்டியிருக்கிறார். "சார், நீங்களே எழுதினதுதானே சார்?" என்று கேட்டாராம்.

அஞ்சரை மணிக்கு வீட்டுக்குள் வந்து அந்தக் கார்டை மேசைமேல் வைத்தார். "இது யார் எழுத்து?"

"ஏன், தெரியலையா? என் எழுத்துதான்."

"என் பேரைப் போட்டு?"

"மூணு வருஷமா உங்க பேரைப் போட்டுத்தானே எழுதறேன்."

"நான் சொன்னதை எழுதச் சொன்னேன். பொய் எழுதச் சொன்னேனா? அத்தனை பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டியே. செத்தவன் வருவான்னு எழுதறதுக்கு உனக்கு எப்படிக் கை வந்துச்சு?"

அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. "ஆமா, பொய்தான். உங்களுக்குத்தான் பொய்யே ஆகாதே. அப்போ அந்த நிஜத்தைக் கொண்டுபோய் அனகாபுத்தூர்ல சொல்லிட்டு வாங்களேன்! பேர் ஊர் தெரியாதவனுக்கெல்லாம் போனது போனதுதான்னு கார்டு போடறீங்க. யாருக்குச் சொல்லணுமோ அந்த ஒருத்திக்குச் சொல்ல இத்தனை வருஷமா வாய் வரலையே உங்களுக்கு! அவங்க பஸ் ஸ்டாண்டுல நின்னு காக்கிச்சட்டைக்காரன் ஒவ்வொருத்தனையா கேட்டுக்கிட்டிருக்காங்க. அது எந்த விதி?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் அக்கா வீட்டு ரேடியோகூட நின்றுவிட்டது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விரல் இல்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது, ஆனால் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. இட்லி வெந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "கிளம்பு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பல்லாவரத்தில் பஸ் மாறினோம். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அனகாபுத்தூரில் இறங்கினால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் தறிச் சத்தம். சாயம் ஏற்றிய நூலைக் கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள், குனிந்து குனிந்துதான் போக வேண்டியிருந்தது. லுங்கிக்காரர் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு மெலிந்த அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயசுக்குள்தான் இருக்கும். அந்த அம்மா இவர் சட்டையைப் பார்த்தார், காக்கி இல்லை, மறுபடியும் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அம்மா" என்றார் இவர். "நான் உங்க பிள்ளைகூடப் பட்டாளத்துல இருந்தவன்."

ராட்டை நின்றது.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "அவன் இல்லைம்மா. மலைமேலேயே போயிட்டான். ரெண்டாம் நாள் காலையில. நான் பக்கத்துலதான் இருந்தேன். முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். சொல்லத் தைரியம் வரலை."

அந்த அம்மா உடனே அழவில்லை. கையில் இருந்த நூலை அறுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டா நாளா" என்றார். "அப்பால நடக்கலியா அவன்?"

"இல்லைம்மா."

"இன்னா கேட்டான்?"

"தண்ணி கேட்டான். குடுத்தேன்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் நிமிர்ந்து இவரைக் கேட்டார்: "அவனுக்குச் சின்னதுலேர்ந்தே குளுரு ஆவாதுப்பா. மார்கழியில ரெண்டு போர்வ கேப்பான். போத்திவுட்டுத்தானே வந்த?"

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன பதில் என்று தெரியாது, அந்த நாலு நாளில் நடந்ததில் பாதிகூட என்னிடம் சொன்னதில்லையே.

"போர்த்திட்டுத்தாம்மா வந்தேன்" என்றார். "என் கம்பளியையும் சேர்த்துப் போர்த்தினேன். தலையோட மூடிவிட்டேன். குளிர்ந்திருக்காது."

அப்புறம்தான் அந்த அம்மா அழுதார். இவர் கையைப் பிடித்து இழுத்து, கீழே உட்காரவைத்து, அந்தக் கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்துத் தறியெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. ஆட்கள் வந்து கூடினார்கள். ஒரு பெண் எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்பும்போது, "சாப்ட்டுப் போலாம்ல?" என்று அந்த அம்மா கேட்டார். அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அதற்கப்புறம் அந்த அம்மா இருந்தவரைக்கும் எத்தனையோ ஞாயிறு போனோம்.

பஸ் ஸ்டாப்பில் வெயில் சுட்டது. பஸ் வருவதாகத் தெரியவில்லை. அவர் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"போர்த்தலை" என்றார் திடீரென்று. "அவன் கம்பளியையும் நான்தான் உருவிக்கிட்டு வந்தேன். அது இருந்ததாலதான் ரெண்டு விரலோட போச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுத்தெருவில், பட்டப்பகலில். அந்தக் காலத்தில் அதெல்லாம் செய்ய மாட்டோம். அவர் உதறவில்லை.

பல்லாவரம் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது சொன்னார்: "இனிமே வர்ற கார்டுக்கெல்லாம் நீயே பதில் போடு."

"என்னன்னு எழுதட்டும்?"

"நீ எழுதின மாதிரியே எழுது."